தலைகீழ் ராஜ்ஜியம் படைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

குறும்படம் எடுப்பவர்கள், கல்லூரி விழாவுக்கு நாடகம் எழுதுபவர்கள், கைப்பேசித் திரைக்கென்று மூன்று நிமிட நகைச்சுவை தயாரிப்பவர்கள் எல்லோருக்குமாகவே இதை எழுதுகிறேன். உங்கள் படைப்புகளை விடாமல் பார்க்கிறவள் என்ற உரிமை எனக்கு உண்டு. அந்த உரிமையில் ஒரு கோரிக்கையும் உண்டு.

மார்ச் 8, மகளிர் தினம் நெருங்கினால் உங்களில் பலர் கையில் எடுக்கும் கதை ஒன்று இருக்கிறது. ஆணும் பெண்ணும் இடம் மாறிவிட்டால் என்ன ஆகும்? மனைவி சோபாவில் சாய்ந்தபடி காபி கேட்கிறாள். கணவன் இடுப்பில் துண்டைச் செருகிக்கொண்டு ஓடி வருகிறான். பெண் பார்க்கும் படலம் மாப்பிள்ளை பார்க்கும் படலமாகிறது. பையன் தலையைக் குனிந்து பஜ்ஜித் தட்டை நீட்ட, பெண்ணின் தாயார் அவனுக்குப் பாடத் தெரியுமா என்று விசாரிக்கிறார். அரங்கம் சிரிக்கிறது, நானும் சிரிக்கிறேன். வலுவான உத்தி இது. நூறு பக்கக் கட்டுரை சொல்லாததை ஒரு தட்டு பஜ்ஜி சொல்லிவிடும்.

அந்த உத்தி எவ்வளவு பழையது, அது எங்கே ஜெயிக்கிறது, எங்கே தன்னைத்தானே தோற்கடித்துக்கொள்கிறது என்பதை உங்களோடு பேசத்தான் இந்த மடல். அதற்கு 1933-இல் வந்த ஒரு ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தைத் துணைக்கு அழைக்கிறேன். படத்தின் பெயர் 'தி வாரியர்ஸ் ஹஸ்பண்ட்'. ஃபாக்ஸ் நிறுவனத்துக்காக வால்டர் லாங் இயக்கியது. பின்னாளில் 'தி கிங் அண்ட் ஐ' எடுத்த அதே லாங்தான்.

கதை நடக்கும் இடம் கருங்கடல் கரையிலுள்ள பாண்டஸ் நாடு. காலம் கி.மு. 800. அமேசான் வீராங்கனைகளின் ராஜ்ஜியம் அது. கிரேக்கப் புராணங்கள் வியந்து வியந்து சொல்லும் அந்தப் பெண் படை அங்கே ஆட்சி செய்கிறது. பெண்கள் வாள் ஏந்துகிறார்கள், வரி விதிக்கிறார்கள், எல்லையைக் காக்கிறார்கள். ஆண்கள் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள், தைக்கிறார்கள், தங்களை அலங்கரித்துக்கொள்கிறார்கள், வம்பு பேசுகிறார்கள். அரசி ஹிப்போலிட்டாவின் இடுப்பில் டயானா தேவியின் புனிதக் கச்சை இருக்கிறது. பெண்களின் பலமெல்லாம் அந்தக் கச்சையில் இருப்பதாக நாடே நம்புகிறது. அதைப் பறித்துப் போகத்தான் கிரேக்கர்கள் தீசியஸையும் ஹெர்குலிஸையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். ஹெர்குலிஸ் இங்கே மலைபோன்ற உடம்பும் பயந்த மனமும் கொண்ட ஆள். மகாகவி ஹோமர் போர்ச் செய்தியாளராகப் படையோடு வருகிறார். வீரம் என்று ஆண்கள் கட்டி எழுப்பிய கோட்டையின் ஒவ்வொரு செங்கல்லையும் படம் இப்படித் தட்டிப் பார்க்கிறது.

படத்தின் உயிர்நிலையான இடம் வேறு. ஹிப்போலிட்டாவுக்குப் போர் நடத்தப் பணம் வேண்டும். ஊரில் பாம்போசியா என்ற செல்வச் சீமாட்டி இருக்கிறாள். அவளுக்குச் சேப்பியன்ஸ் என்று ஒரு மகன். நடை, பேச்சு, பாவனை எல்லாமே நளினமானவன். பாம்போசியா பணம் தருவாள், ஆனால் அரசி அவள் மகனைக் கட்டிக்கொள்ள வேண்டும். அரசிக்குப் பையன் மீது ஆசை கிடையாது. கஜானா காலி, அதனால் சம்மதிக்கிறாள். ராஜ்ஜியத்தின் அவசரத்துக்கு ஒரு பையன் விலையாகிறான்.

இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். பணத்தோடு சேர்த்துப் பிள்ளையைத் தள்ளிவிடுவது, வாங்குகிறவர் பணத்தைப் பார்ப்பது, பிள்ளையின் விருப்பத்தை யாருமே கேட்காதது எல்லாம் நமக்கு எங்கேயோ பார்த்த சங்கதிகள். 1961-இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. சீர், செய்முறை, மாப்பிள்ளைக்கு வண்டி என்று பெயர் மாறிப் பேரம் தொடர்கிறது. கல்யாணப் பேச்சில் ஒரு பெண்ணை உட்கார வைத்து இத்தனை பவுன் என்று பேசினால் அதை வழக்கம் என்கிறோம். அவள் இடத்தில் ஒரு பையனை உட்கார வைத்துப் பேசினால் அது சந்தை என்று சட்டென்று தெரிந்துவிடுகிறது. இந்த உத்தியின் உண்மையான பலம் இதுதான். கண் பழகிப்போய்ப் பார்க்க மறந்த அநியாயத்தின் மீது அது வெளிச்சம் அடிக்கிறது. உங்கள் பஜ்ஜித் தட்டுக் காட்சி வெற்றி பெறுவதும் இதனால்தான்.

இதே படம் எங்கே சறுக்குகிறது என்று இனிப் பார்ப்போம்.

சேப்பியன்ஸாக நடித்தவர் எர்னஸ்ட் டிரூக்ஸ். சின்ன உருவம், தேர்ந்த நகைச்சுவை நடிகர். அவர் வரும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பு எதன் மீது விழுகிறது என்று கேளுங்கள். அவனை விலைபேசிய வழக்கத்தின் மீது கொஞ்சம் விழுகிறது. அவன் நளினத்தின் மீதும் கூச்சத்தின் மீதும் அலங்காரத்தின் மீதும் மீதியெல்லாம் விழுகிறது. ஒரு ஆண் பெண்ணைப் போல இருப்பது கேவலம் என்ற எண்ணம் பார்வையாளர் மனதில் ஏற்கெனவே இருந்தால்தான் அந்தச் சிரிப்பு வரும். அப்படியானால் அந்த நகைச்சுவை யாரைத் தாழ்த்துகிறது? முதலில் பெண்ணைத் தாழ்த்துகிறது. அடுத்து, பிறவியிலேயே மென்மையான நடையும் குரலும் கொண்ட ஆண்களையும் திருநங்கைகளையும் தாழ்த்துகிறது.

நம் திரையுலகம் இந்தச் சிரிப்பை எத்தனை காலம் காசாக்கியது என்று உங்களுக்கே தெரியும். நளினமான ஆள் ஒருவர் வந்து கதாநாயகன் தோளில் கை வைப்பார். பின்னணியில் ஒரு கேலி இசை ஒலிக்கும். தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் 2008-இல் அமைந்தது. மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்து உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. சட்டம் நகர்ந்த தூரத்துக்கு நகைச்சுவை நகரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பையனை அவன் நடைக்காகக் கேலி செய்கிற வார்த்தைகள் பெரும்பாலும் நம் படங்களிலிருந்து போனவைதான். உங்கள் தலைகீழ்க் கதையில் வீட்டுக்காரர் சேலையைச் சுற்றிக்கொண்டு இடுப்பை வளைத்து நடந்தால் நீங்களும் அதே கணக்கில்தான் சேர்கிறீர்கள்.

வேலை விஷயத்திலும் இதே சறுக்கல்தான். கணவன் சமைக்கிறான், சாம்பார் கரிகிறது, குக்கர் விசில் கேட்டுத் துள்ளிக் குதிக்கிறான், குழந்தைக்கு டயப்பரைத் தலைகீழாக மாட்டுகிறான். சிரிக்கிறோம். ஆண்களுக்கு இதெல்லாம் வராது என்பதுதான் அந்தச் சிரிப்பின் அடியில் இருக்கும் கருத்து. வராது என்று சொல்லிவிட்டால் செய்ய வேண்டாம் என்றும் ஆகிவிடுகிறது. மத்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் அந்த வேலையில் கையே வைக்காத ஆண்களைக் கணக்கில் சேர்க்காமல். எந்த வேலையும் செய்யாத நாளில் ஆண்கள் தப்பித்துக்கொள்ளச் சொல்லும் காரணமும் உங்கள் நகைச்சுவை சொல்வதும் ஒன்றாக இருந்தால், அந்த 299 நிமிடத்தை நீங்களும் கட்டிக்காக்கிறீர்கள்.

அடுத்தது முடிவு. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான்.

அரசியின் தங்கை அன்டியோப்பி படத்தின் கதாநாயகி. எலிசா லாண்டி நடித்த பாத்திரம். அஞ்சாதவள், வேட்டைக்காரி, தீசியஸோடு வாளேந்தி மோதுகிறவள். அவனாக வருபவர் டேவிட் மேனர்ஸ். மோதல் காதலாகிறது, கச்சை பறிபோகிறது, பெண்களின் ஆட்சி ஆட்டம் காண்கிறது. காதல் வந்ததும் வாள் தானாகக் கீழே இறங்கும், அதுதான் இயற்கை என்று படம் சொல்லிவிடுகிறது. முக்கால் படம் தலைகீழாக நின்ற உலகத்தைக் கடைசியில் முத்தம் கொடுத்து நிமிர்த்துகிறார்கள்.

நமக்கு இது புதிதல்ல. அல்லி அரசாணி மாலை கேட்டு வளர்ந்த ஊர் நம் ஊர். மதுரையை ஆண்டவள் அல்லி. ஆண் வாடையே ஆகாத அரண்மனை அவளுடையது. அர்ச்சுனன் அவள் மீது ஆசைப்படுகிறான், நேரில் வெல்ல முடியவில்லை, மாயம் செய்து பாம்பாகி உள்ளே நுழைகிறான், தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டுகிறான். பெண்ணின் ராஜ்ஜியம் அவள் தூங்கும்போது முடிகிறது. கருங்கடல் கரைக் கதையையும் வைகைக் கரைக் கதையையும் கட்டியவர்கள் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஆனாலும் இருவரும் ஒரே வழியைக் கண்டுபிடித்தார்கள். ஆளும் பெண்ணைப் போரில் தோற்கடித்தால் அவள் வீரம் மிஞ்சிவிடும். கல்யாணத்தில் தோற்கடித்தால் தோல்வியே தெரியாது.

கிரேக்கர்கள் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஹெர்குலிஸ் செய்து முடித்த பன்னிரண்டு பணிகளில் ஒன்பதாவது, ஹிப்போலிட்டாவின் கச்சையைக் கொண்டுவருவது. ஏதென்ஸில் பார்த்தினான் கோயிலின் மேற்குப் பக்கச் சிற்பங்கள் அமேசான்களோடு நடந்த போரைக் காட்டுகின்றன. தன் சொந்த ஊர்ப் பெண்ணுக்கு வாக்குரிமை தராத நகரம், தான் வென்ற வீராங்கனைகளைக் கோயிலில் செதுக்கி வைத்தது. நகைச்சுவை மேடையும் அப்படியே. கி.மு. 391 வாக்கில் அரிஸ்டோஃபனீஸ் எழுதிய ஒரு நாடகத்தில் ஏதென்ஸ் பெண்கள் கணவன்மாரின் மேலாடையைப் போர்த்துக்கொண்டு, ஒட்டுத் தாடி வைத்துக்கொண்டு மக்கள் மன்றத்துக்குப் போய் ஆட்சியைப் பெண்களிடம் ஒப்படைக்கத் தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள். மனைவி உடையைத் தூக்கிப் போனதால் கணவன் அவள் உடையை மாட்டிக்கொண்டு வெளியே வருகிறான். அந்த மேடையில் பெண் வேடம் கட்டியவர்கள் எல்லோரும் ஆண்கள். எழுதியவரும் ஆண். பெண்ணாட்சி என்பது ஆண்கள் தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொண்ட விஷயமாகவே அங்கே இருந்தது.

அந்தச் சிரிப்புக்கு அடியில் நிஜமான பெண்கள் இருந்தார்கள். கருங்கடலுக்கு வடக்கே புல்வெளியில் வாழ்ந்த ஸ்கைதியர் மேடு கட்டி இறந்தவர்களைப் புதைத்தார்கள். ஈட்டியும் அம்பு முனையும் சேர்த்துப் புதைத்த எலும்புகள் பலவும் பெண்களுடையவை என்று ஆய்வாளர்கள் உறுதிசெய்திருக்கிறார்கள். 2019-இல் ரஷ்யாவின் வொரோனெஷ் பகுதியில் தேவித்சா கிராமத்தருகே ஒரே கல்லறையில் நான்கு பெண்கள் கிடைத்தார்கள். காலம் கி.மு. நான்காம் நூற்றாண்டு. ஒருத்திக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கலாம். இன்னொருத்தி ஐம்பதை நெருங்கியவள், தலையில் பொன் அணி. அவர்களோடு இரும்பு அம்பு முனைகளும் ஈட்டிகளும் கிடந்தன. வில்லேந்திய பாட்டியும் பேத்தி வயதுப் பெண்ணும் ஒரே குழியில் கிடந்திருக்கிறார்கள். அவர்கள் உலகத்தைத் தலைகீழாக்கியவர்கள் அல்லர். அவர்கள் ஊரில் அதுதான் வாழ்க்கை. தலைகீழ் என்று சொன்னது பார்த்துத் திகைத்த கிரேக்கன்.

1933-க்குத் திரும்புவோம். அந்த ஆண்டு அப்படி ஒரு படம் ஏன் வந்தது? அமெரிக்காவில் பெண்கள் நாடு முழுவதும் வாக்குரிமை பெற்றது 1920-இல். பதின்மூன்று வருடம் கழித்துப் பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்தது. தொழிலாளர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலையில்லை. சம்பாதித்துக் கொண்டுவந்து போடுகிறவன் என்ற பட்டம் பறிபோன ஆண்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். 1932-இல் வந்த சிக்கனச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு, கணவனும் மனைவியும் மத்திய அரசுப் பணியில் இருந்தால் ஆட்குறைப்பில் அவர்களில் ஒருவரை முதலில் அனுப்பச் சொன்னது. வேலையை விட்டுப் போனவர்களில் பெரும்பாலோர் மனைவிகள். அரசாங்கம் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில், பெண் ஆண்டால் எப்படி இருக்கும் என்று திரை வேடிக்கை காட்டியது, கடைசியில் அவளைத் திரும்ப இருக்கவேண்டிய இடத்தில் கொண்டுவந்து சேர்த்தது. வேலையிழந்து கொட்டகைக்கு வந்த ஆணுக்கு அது ஆறுதல் மருந்து.

அதே கதை 1942-இல் 'பை ஜூபிடர்' என்ற பாட்டு நாடகமாக நியூயார்க் மேடை ஏறியது. ராட்ஜர்ஸ், ஹார்ட் இரட்டையர் இசையமைத்து எழுதியது. சேப்பியன்ஸாக ரே போல்ஜர், 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் வைக்கோல் பொம்மையாக ஆடியவர். 427 தடவை மேடையேறியது. ஜூன் மாதத் தொடக்கத்தில் நாடகம் திறந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் அமெரிக்க ராணுவத்தில் பெண்களுக்கான துணைப் படை சட்டமாகியிருந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்கள் ஆலைகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம். சமூகத்தில் ஆணின் இடம் ஆட்டம் காணும் காலங்களில் இந்தக் கதை கூப்பிட்டாற்போல வந்து நிற்கிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு அந்தப் படைப்பிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுக்காமல் போனால் நியாயமில்லை. 1933 படத்துக்கு மூலம் ஜூலியன் தாம்சன் எழுதிய மேடை நாடகம். 1932 மார்ச்சில் நியூயார்க்கின் மொராஸ்கோ அரங்கில் அது மேடையேறியது. அன்டியோப்பியாக 24 வயதுப் பெண் ஒருத்தி நடித்தாள். குட்டையான போர் உடை, தோளில் வேட்டையாடிய கலைமான், குறுகலான படிக்கட்டு. மானைச் சுமந்தபடியே படிகளில் பாய்ந்து இறங்கி மேடைக்கு வந்தாள். அந்த நுழைவைப் பற்றித்தான் ஊர் பேசியது. ஹாலிவுட் கூப்பிட்டது. அவள்தான் காதரின் ஹெப்பர்ன். பிறகு நான்கு முறை சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கியவர். 1933 படத்தில் அவர் நடிக்கவில்லை. ஆனால் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற நீச்சல் வீராங்கனை ஹெலன் மேடிசன் அமேசான் பெண்ணாக ஒரு சிறு வேடத்தில் வருகிறார்.

நளினமான சேப்பியன்ஸை இன்று அதிகம் பேர் நினைப்பதில்லை. மானைச் சுமந்த பெண்ணை மேடை வரலாறு மறக்கவில்லை. கேலியைவிட அந்தப் பெண்ணுடலின் வலிமைதான் நிலைத்தது. பாய்கிற பெண்ணைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அந்த வலிமையை எழுதுங்கள்.

இனி, இதே உத்தியைப் பெண்கள் கையில் எடுத்தபோது என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். உங்களுக்கு நான் உண்மையில் பரிந்துரைப்பது அவர்களைத்தான்.

1906-இல் பிரான்சின் கோமோன் நிறுவனத்துக்காக ஆலிஸ் கி ஏழு நிமிடப் படம் ஒன்று எடுத்தார். உலகின் முதல் பெண் இயக்குநர் என்று போற்றப்படுபவர். பெண்ணியத்தின் விளைவுகள் என்பது படத்தின் பெயர். ஆண்கள் தைக்கிறார்கள், துணி தேய்க்கிறார்கள், குழந்தை வளர்க்கிறார்கள். பெண்கள் புகைக்கிறார்கள், மதுக்கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பூங்கா இருக்கையில் ஒருத்தி ஒரு இளைஞனை நெருக்கி நெருக்கித் தொந்தரவு செய்கிறாள், அவன் ஒதுங்கி ஒதுங்கிப் போகிறான். குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஒருவன் மதுக்கடைக்கே வந்து நிற்கிறான். அவனைத் தள்ளிவிடுகிறார்கள். கடைசியில் ஆண்கள் பொறுக்க மாட்டாமல் திரண்டு பெண்களை விரட்டிவிட்டுக் கடையைக் கைப்பற்றுகிறார்கள்.

இங்கேயும் உலகம் நிமிர்ந்துவிடுகிறதே என்று கேட்பீர்கள். காரணத்தைக் கவனியுங்கள். ஆண்கள் கலகம் செய்வது அந்த வாழ்க்கையைத் தாங்க முடியாமல். ஒரு பகல் பொழுது அப்படி வாழ்ந்து ஆணால் தாங்க முடியவில்லை என்றால், காலமெல்லாம் அப்படி வாழ்கிறவள் கலகம் செய்வது எத்தனை நியாயம் என்று பார்க்கிறவருக்கு உறைக்கிறது. ஹாலிவுட் படத்தில் பெண்கள் காதலால் இளகினார்கள். ஆலிஸ் கி படத்தில் ஆண்கள் அநீதியால் பொங்கினார்கள். இரண்டிலும் ஆண் கைதான் கடைசியில் ஓங்குகிறது. முன்னது பெண்ணைப் பணியச் சொல்கிறது, பின்னது அவளைப் பொங்கச் சொல்கிறது.

இன்னொருவர் நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர். வங்காளத்தின் ரொக்கேயா சகாவத் ஹுசைன். அவருடைய 'சுல்தானாவின் கனவு' கதை முதலில் அச்சானது நம் சென்னையில், 1905-இல். கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற ஆங்கில இதழில். கதையில் சுல்தானா பெண்கள் நாட்டுக்குப் போகிறாள். ஆண்கள் அந்தப்புரத்தில் இருக்கிறார்கள். தெருவில் ஒரு ஆண் தலை கிடையாது. முகத்தைக் காட்டக் கூசி நடக்கிற சுல்தானாவைப் பார்த்து வழியில் போகும் பெண்கள், ஆம்பிளை மாதிரி இருக்கிறாளே என்று சிரிக்கிறார்கள். அங்கே கூச்சமும் பயமும் ஆணின் குணம்!

ரொக்கேயாவின் நாட்டில் சிரிப்பு வேலையின் மீது விழவில்லை. சமையல் அங்கே வெயிலின் வெப்பத்தில் நடக்கிறது. புகையில்லை, கரியில்லை. பெண் விஞ்ஞானிகள் மேகத்திலிருந்து நீரை எடுக்கிறார்கள், சூரிய வெப்பத்தைச் சேமித்து வைக்கிறார்கள், அதையே திருப்பிப் பகைவரை விரட்டுகிறார்கள். ஆபீஸ் வேலை நாளுக்கு இரண்டு மணி நேரம்தான். தலைகீழாக்கியதோடு அவர் நிற்கவில்லை, அந்த நாட்டைக் குடியிருக்கத் தகுந்ததாகவும் ஆக்கினார். ஆபத்தானவர்களை வெளியே விட்டுவிட்டு ஆபத்தில் இருப்பவர்களை உள்ளே பூட்டுவது என்ன நியாயம் என்று கேட்டார். பெண் பத்திரமாக இருக்கட்டும் என்று இரவு எட்டு மணிக்கு விடுதிக் கதவைப் பூட்டுகிற ஊர்களில் அந்தக் கேள்வி இன்னும் பதிலில்லாமல் நிற்கிறது. கதை முடிவில் சுல்தானா விழித்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். அந்த நாட்டை யாரும் ஜெயிக்கவில்லை. யாரும் அங்கே தாலியோடு நுழையவில்லை.

அதனால் தம்பி தங்கைகளே, எழுத உட்காரும்போது சிலவற்றை மனதில் வையுங்கள்.

சிரிப்பு எங்கே விழுகிறது என்று ஒவ்வொரு காட்சியிலும் பாருங்கள். சமைக்கிற ஆணின் மீது விழுந்தால் காட்சியை மாற்றுங்கள். அவனைத் தனியாகச் சமைக்க விட்டுவிட்டு உப்பு கூட என்று சொல்கிற வழக்கத்தின் மீது விழுந்தால் வைத்துக்கொள்ளுங்கள். அவன் நன்றாகவே சமைக்கட்டும். முறுகலாகத் தோசை சுட்டுப் போட்டுக்கொண்டே இருக்கட்டும், கடைசித் தோசை ஆறிப்போய் அவன் தட்டுக்கு வரட்டும். அப்போது வரும் சிரிப்பில் உண்மை இருக்கும்.

நளினத்தைக் கேலிப்பொருள் ஆக்காதீர்கள். உங்கள் பார்வையாளர்களில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான் என்று நினைத்து எழுதுங்கள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவனுக்கு எந்தப் பட்டப்பெயரும் உங்கள் படத்திலிருந்து போய்ச் சேரக்கூடாது.

எதைத் திருப்பிப் போடவில்லை என்றும் பாருங்கள். பாண்டஸில் ஆணும் பெண்ணும் இடம் மாறினார்கள். அரசி அரசியாகவே இருந்தாள், பணக்காரி பணக்காரியாகவே இருந்தாள். உங்கள் குறும்படத்திலும் கணவன் மனைவி இடம் மாறுகிறார்கள். ஆனால் காலையில் வந்து பாத்திரம் தேய்க்கும் அம்மா அப்படியே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறார், அவருக்கு வசனம்கூடக் கிடையாது. வீட்டின் பாரத்தில் பாதி அவர் தலையில் இருக்கிறது. அவர் பேசினால் உங்கள் கதை இன்னொரு உயரத்துக்குப் போகும்.

எழுதுகிற மேசையைச் சுற்றி யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெண்ணின் இடத்தைக் கற்பனை செய்ய நான்கு ஆண்கள் கூடித் திணற வேண்டியதில்லை. அந்த இடத்தில் வாழ்கிறவளுக்கே ஒரு நாற்காலி போடுங்கள். அவள் சொல்லும் ஒரு சின்ன விவரம் உங்கள் பத்து நகைச்சுவைத் துணுக்குகளைவிடக் கூர்மையாக இருக்கும்.

கடைசியாக, முடிவைப் பற்றி. இடம் மாறிய கணவன் கண் கலங்கி, உன் கஷ்டம் இப்பதான் புரியுது என்று மனைவி கையைப் பிடிப்பதோடு உங்களில் பலர் படத்தை முடித்துவிடுகிறீர்கள். பின்னணி இசை நெகிழ்கிறது, பெயர்கள் ஓடுகின்றன. உலகத்தை முத்தம் கொடுத்து நிமிர்த்திய 1933-இன் முடிவுதான் அது, உடை மட்டும் புதிது. புரிந்துகொண்ட பிறகு அவன் என்ன செய்தான்? மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்த வீட்டில் யார் எழுந்து பால் காய்ச்சுகிறார்கள்? அந்தக் காட்சியையும் எழுதுங்கள். அதை எழுதி முடிக்கும் வரை உங்கள் படம் முடியவில்லை.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
உங்கள் அக்கா ஒருத்தி